பதினான்கு பலகைகள்

முட்டையின் மஞ்சள் கருவை உடையாமல் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓட்டை உடைத்து, கருவை இந்த உள்ளங்கையிலிருந்து அந்த உள்ளங்கைக்கு நாலைந்து முறை மாற்றினால் வெள்ளைக் கரு தானாக வழிந்துவிடும். அப்புறம் அதைக் காகிதத்தின் மேல் மெதுவாக உருட்டி ஈரத்தை எடுக்க வேண்டும். தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி ஊசியால் ஒரு குத்து. கரு கிண்ணத்தில் இறங்கிவிடும், தோல் கையில் நிற்கும். கொஞ்சம் தண்ணீரும் வண்ணப்பொடியும் சேர்த்தால் அன்றைய வேலைக்குச் சாயம் தயார். மறுநாளைக்கு அது உதவாது. அதனால் தினமும் காலையில் ஒரு முட்டை உடைப்பேன். வெள்ளைக் கருவை வீணாக்க மாட்டேன். அது என் கணவர் வெர்லினின் ஆம்லெட்டுக்குப் போகும்.

என் சமையலறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த பொருள்களில் அந்த ஊசியும் இருக்கிறது. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. முடிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வக்கீல் வரும்வரை நான் பேச வேண்டியதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். நன்றி. ஆனால் எனக்குக் களைப்பாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் தெம்பு வேண்டும். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடிக்கும், கதவு திறக்கும், குழந்தை அழும், யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள். ஒரு யோசனையை ஆரம்பித்து முடித்த நாள் அந்த வருஷங்களில் கிடையாது. சனிக்கிழமைகளில் படம் தீட்டுவேன். அறுபத்திரண்டு வயதில் வேலையை விட்டேன். மகள் இங்க்ரிட் கல்யாணமாகி ஃபார்கோவுக்குப் போய்ப் பல வருஷமாகியிருந்தது. மாடியில் அவளுடைய அறை சும்மா கிடந்தது. வடகிழக்கைப் பார்த்த பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய ஏரி. தரைவிரிப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு மேசையை இழுத்துப் போட்டேன். அதுதான் என் வேலையறை.

வெர்லினுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை பாக்கி இருந்தது. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் மெக்கானிக். காலை ஆறு மணிக்கு அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும், நாலு மணிக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆள் கிடையாது. நான் வாழ்ந்தது அந்த இரண்டு வருஷம்தான் என்று சொன்னால் உங்களுக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் அப்படித்தான்.

அப்புறம் அவரும் ஓய்வு பெற்றார்.

அவர் நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. பனி பெய்தால் எங்கள் வாசலோடு பக்கத்து மூன்று வீட்டு வாசலையும் வழித்துவிட்டு வருவார். முப்பத்தெட்டு வருஷம் பத்துப் பேர் நடுவில், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி வேலை செய்த மனிதர். வீட்டில் பேசுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

"ஆர்லிஸ், காப்பி வேணுமா?"

பத்து நிமிஷம் போகும்.

"ஆர்லிஸ், கப்பல் ஒண்ணு வருது. ஆயிரம் அடி இருக்கும். உன் ஜன்னல்லயே தெரியும், பாரு."

இன்னும் கொஞ்ச நேரம் போகும்.

"தபால்காரர் வந்துட்டுப் போயிட்டாரு. உனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லவா மாடி ஏறி வந்த?"

"நீ பாட்டுக்கு எதிர்பார்த்துட்டு இருந்தேன்னா?"

இதில் கோபப்படுவதற்கு என்ன இருக்கிறது? யாரிடம் சொல்லி அழ முடியும்? என் தோழிகளில் பாதிப் பேருடைய கணவன்மார்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். "உனக்குக் குடுத்து வச்சிருக்கு, ஆர்லிஸ்" என்பார்கள்.

நான் தீட்டும் முறையில் சாயம் வைத்த நொடியிலேயே காய்ந்துவிடும். தண்ணீர் வண்ணம் போல இழுத்துப் பரப்ப முடியாது. மயிரிழை போன்ற கோடுகளாகப் போட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று, குறுக்கும் நெடுக்கும். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆயிரம் கோடு. அந்த நெருக்கத்தை மனசு பிடித்துக்கொள்ள எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். விட்டுப்போனால் மறுபடி ஒரு மணி நேரம். வெர்லின் மணிக்கு மூன்று முறை வருவார்.

நூலகத்தில் வீட்டிலேயே வேலை செய்யும் ஓவியர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள், போனேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வா, கதவில் ஒரு அட்டை தொங்கவிடு, வீட்டாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல் என்றார்கள். எல்லாம் செய்தேன். "இரண்டு மணி வரை வேலை" என்று அட்டை எழுதி மாட்டினேன். வெர்லின் அதை மதித்தார். தட்டுவதை விட்டுவிட்டார். பதிலாகக் கதவுக்கு அடியில் சீட்டுத் தள்ள ஆரம்பித்தார். "காப்பி வேண்டுமா? ஆம். இல்லை. அரைக் கோப்பை." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம் போட்டிருப்பார். குறி போடுவதற்குப் பென்சிலையும் உருட்டிவிடுவார்.

சீட்டும் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் வெறுமனே வந்து கதவுக்கு வெளியே நிற்பார். அங்கே ஒரு தரைப்பலகை முனகும். தொந்தரவு செய்யலாமா, கூடாதா என்று யோசிப்பார் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கிப் போவார். பலகை முனகியதுமே என் கை நின்றுவிடும். அவர் போன பிறகும் கை எழாது.

கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடை மாடியில் அறை பிடித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாண்ட்விச்சோடு வந்து நின்றார். "இந்த ஹீட்டர் சரியில்லையே" என்றார். அதைக் கழற்றிப் போட்டு மூன்று நாள் சரிபார்த்தார். சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டே பார்த்தார். அந்த மாசத்தோடு அறையைக் காலி செய்தேன்.

ஒரு தடவை அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

"வெர்லின், எனக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வேணும். வீட்ல யாருமே இல்லாத மாதிரி நாலு மணி நேரம்."

"எடுத்துக்கோயேன். நான் என்ன உன் கையையா புடிச்சுட்டிருக்கேன்?" என்று சிரித்தார்.

அந்தச் செப்டம்பரில்தான் மினியாபொலிஸ் கேலரியிலிருந்து கடிதம் வந்தது. ஏரியில் பனி பிடிக்க ஆரம்பிப்பதிலிருந்து உடைந்து போவது வரை, மரப்பலகையில் தீட்டிய பதினான்கு படங்கள் வேண்டும் என்று. இருபது மாச அவகாசம். எனக்கு அறுபத்தைந்து வயது, முதல் கண்காட்சி. அந்தக் கடிதத்தை மாடிப்படியில் ஓடி வந்து கொடுத்தவர் வெர்லின்தான். கதவைத் தட்டாமலே திறந்துவிட்டார். என்னைவிட அவருக்குத்தான் பூரிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடகர் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மணிக்கு நாலு முறை வந்தார், எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று கேட்க.

நவம்பரில் அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் யாரும் வாங்கக்கூடிய மாத்திரை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன். காலையில் விழுங்கியவர் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனார், மத்தியானம் ஒன்றரை மணி வரை. அன்றைக்கு நான் செய்த வேலையை நீங்கள் பார்க்கலாம். மூன்றாவது பலகை, இடது மேல்மூலை. பனி இன்னும் கெட்டிப்படவில்லை, அடியில் தண்ணீர் அசைவது தெரிகிறது. அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னால் தீட்டியதில்லை.

நாலு நாளில் சளி போய்விட்டது. ஐந்தாம் நாளும் நான் அவருடைய ஓட்ஸ் கஞ்சியில் அந்த மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். மேலே கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை தூவினேன்.

அதை ஒரு முடிவு என்று சொல்ல மாட்டேன். முடிவு எடுப்பது என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க எனக்கு நேரம் ஏது? காலையில் முட்டை, கஞ்சி, ஆம்லெட், மாத்திரை, மாடி. பல் தேய்ப்பதைப் போல ஆகிவிட்டது. சும்மா தூங்குகிறார், தூங்குவது உடம்புக்கு நல்லதுதானே என்றும் நினைத்தேன். இரண்டு மணிக்கு நான் கீழே வந்து அவருக்குச் சூப் சூடாக்கித் தருவேன். சாயங்காலம் சேர்ந்து சீட்டு விளையாடுவோம். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை.

ஜனவரியில் அவர் கார் சாவியை ஃப்ரீசரில் வைத்தார். பிப்ரவரியில், நாற்பது வருஷமாகப் போய்வந்த இரும்புக்கடைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். ஃபோன் கீழே இருந்தது, நான் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து யாரையோ கேட்டு வீடு வந்து சேர்ந்தார். சீட்டாட்டத்தில் கையிலிருக்கும் சீட்டுகளைக் கூட்டிப் பதினைந்து சேர்க்கத் தடுமாறினார். பாட்டுப் பயிற்சியில் பக்கத்தைத் தவறவிட்டார். ஒரே மாத்திரையில் இரண்டு மாசத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, அதனால் நான் அளவைக் கூட்டியிருந்தேன். இடையில் வேறு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அவருக்கு முதுகு வலித்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது, அலமாரியில் பாதிப் புட்டி மிச்சம் இருந்தது. இதெல்லாம் உங்கள் ஆய்வறிக்கையிலேயே இருக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் மாடிக்கு வந்தார். தட்டினார். நான் ஏழாவது பலகையில் இருந்தேன்.

"ஆர்லிஸ், ஒரு நிமிஷம்."

"சொல்லு."

"எங்கப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துடுச்சுன்னு நெனைக்கிறேன்."

அவருடைய அப்பா கடைசி ஆறு வருஷம் தன் பிள்ளைகள் யாரென்றே தெரியாமல் கிடந்து செத்தவர். வெர்லின் உலகத்தில் பயந்த ஒரே விஷயம் அதுதான். வாசற்படியில் நின்று கதவுநிலையைப் பிடித்திருந்தார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கப் போவது அதைத்தான், எனக்குத் தெரியும். தூரிகையில் சாயம் இருந்தது. வெளிச்சம் இன்னும் நாற்பது நிமிஷம்தான் நிற்கும். சொல்ல ஆரம்பித்தால் நாற்பது நிமிஷத்தில் முடியாது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

"ஆமா. காட்டிடலாம்" என்றார். பிறகு, "வேலையக் கெடுத்துட்டேன், போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவர் மாடிக்கு வருவது நின்றுவிட்டது. மூளை சரியில்லாதவன் அடுத்தவர் வேலையைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டார் போல. சமையலறை இழுப்பறைகளில் சீட்டு ஒட்டினார். கரண்டி. கத்தரிக்கோல். மெழுகுவத்தி. கண்ணாடியில் ஒரு சீட்டு: "இன்று சவரம் செய்தாயா?" அவருடைய கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும்.

ஜூலையில் டாக்டர் சோதித்தார். அன்று காலையிலும் கஞ்சி கொடுத்தேன். வழக்கத்தை மாற்றினால் அவருக்கு இன்னும் குழப்பமாக இருக்கும் என்று பட்டது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டாள். பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, வைட்டமின் ஒன்று. உள்ளே டாக்டர் ஒரு வட்டத்தைப் போட்டு, இதைக் கடிகாரமாக்குங்கள் என்றார். வெர்லின் எல்லா எண்களையும் வலது பக்கத்திலேயே எழுதிவிட்டு, இடது பக்கம் காலியாக இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

காருக்கு வந்ததும் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

இங்க்ரிட் வந்தாள். மூன்று நாள் அழுதாள். "அம்மா, நீங்க தனியா எவ்ளோ நாள் சமாளிப்பீங்க? உங்க கண்காட்சி வேற இருக்கு" என்றாள். ஊர்ப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னைக் கட்டிப் பிடித்து, "நீ ஒரு தெய்வம்" என்று ஒருத்தி சொன்னாள். நான் எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ரொம்ப அலுப்பாக இருந்தது.

அக்டோபரில் மேட்டுத்தெருவில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். ஞாபகம் போனவர்களுக்கென்று அங்கே தனிப் பகுதி. அவருடைய அறையிலிருந்தும் ஏரி தெரியும். நான் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே உனக்கு முழு நாளும் கெடைக்கும்" என்றார். குத்தலாக அல்ல. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது.

அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள் மார்லா. கெட்டிக்காரி, கண்ணில் எதுவும் தப்பாது. நவம்பர் கடைசியில் நான் போனபோது நடைவழியிலேயே என்னைப் பிடித்தாள்.

"ஆர்லிஸ், உங்க வீட்டுக்காரரு நேத்து என்னை சீட்டுல மூணு ஆட்டம் ஜெயிச்சாரு. நான் விட்டுக் கொடுக்கவே இல்ல, சத்தியமா."

"அப்படியா?"

"அது மட்டுமா, எங்க வேன் ஸ்டார்ட் ஆகாம நின்னுச்சு. இவரு சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிட்டாரு. இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லையோன்னு தோணுது எனக்கு."

டாக்டருக்கும் அப்படித்தான் தோன்றியது. மனச்சோர்வாக இருந்திருக்கலாம், மறுபடி சோதிக்கலாம், தேறினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒன்பது பலகைகள் முடிந்திருந்தன. ஐந்து பாக்கி. வீட்டுக்கு வருவது என்றால் அவர் மட்டுமா வருவார்? காப்பி வரும், கப்பல் வரும், தபால்காரர் வருவார்.

அன்றிலிருந்து புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஃப்ளாஸ்கில் காப்பி எடுத்துப் போக ஆரம்பித்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி பால் நிறைய ஊற்றி, சர்க்கரை தூக்கலாக. அந்தப் பனியில், அந்த மேட்டில், வாரம் இரண்டு முறை வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை வரும் பிள்ளைகள்கூடக் கிடையாது. என்னைப் பார்த்தால் பணியாளர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு மாசத்தில் வெர்லின் பழையபடி மந்தமாகிவிட்டார். மறுசோதனை தள்ளிப்போனது. டிசம்பரில் பத்தாவது பலகை, ஜனவரியில் பதினொன்று, பிப்ரவரியில் பன்னிரண்டு.

மார்லா ஒரு நோட்டு வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் வந்த நாள், வராத நாள், அவர் சாப்பிட்டது, பேசியது எல்லாம் அதில் எழுதியிருக்கிறாள். பனிப்புயலில் சாலையை மூடிய வாரங்களில் அவர் தெளிவாக இருந்திருக்கிறார். அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. கவனம் சிதறாமல் வேலை செய்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் மாசம், அந்த ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் டாக்டர் மறுபடி சோதிப்பதாக இருந்தது. இந்த முறை இங்க்ரிட் விடாப்பிடியாக நின்று நாள் குறித்துவிட்டாள், அவளே வருவதாகவும் சொல்லியிருந்தாள். புதன்கிழமை பனி கொட்டியதால் நான் போகவில்லை. அதனால் அன்றைக்கு ஃப்ளாஸ்கில் வழக்கத்தைவிட நிறையவே போட்டிருந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் வரை தாங்க வேண்டுமே.

அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, நீலச் சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அவர் முழுசாக அங்கே இருக்கிறார் என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃப்ளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி நீட்டினேன்.

"இன்னைக்கு வேணாம், ஆர்லிஸ்."

நீட்டிய கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு டெஸ்ட் இருக்கு. தலை தெளிவா இருக்கணும்."

ஏரியில் பனி இன்னும் முழுசாக மூடியிருந்தது. தூரத்தில், பனியை உடைத்து வழி செய்யும் கப்பல் போன தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடி என் கையில் இருந்தது.

"இந்த மார்லா இருக்காளே" என்றார். "நீ வர்ற நாள்லதான் எனக்கு மந்தமாயிடுதுன்னு சொல்றா. அந்தக் காப்பியக் கொஞ்சம் டாக்டர்கிட்ட குடுத்துப் பார்க்கலாமான்னு கேக்குறா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. யாரைப் பத்திப் பேசுற, வெளிய போன்னு கத்திட்டேன். பாவம், அழுதுட்டா."

"அப்படியா."

"நான் அப்படியெல்லாம் கத்தியிருக்கக் கூடாது."

மறுபடி ஏரியைப் பார்த்தார். பிறகு மூடியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வீட்டுக்கு வந்தாலும் மாடிப்பக்கம் வர மாட்டேன். கேரேஜ்லயே ஒரு ஸ்டவ் போட்டுக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கயே வச்சுக்கிறேன். நீ இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கிறேன்."

அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். கேரேஜிலிருந்து படிக்கட்டு பதினோரு அடி. வெர்லினால் ஒரு வாரம் முடியும், பத்து நாள் முடியும். பதினோராம் நாள் அந்தத் தரைப்பலகை முனகும்.

என் கை வலிக்க ஆரம்பித்தது. நாள் பூராவும் தூரிகை பிடிக்கும் கை, தோள்பட்டை வரை இழுக்கும். இருந்தாலும் நான் கையை மடக்கவில்லை.

"எத்தனை பலகை பாக்கி?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டுதானா" என்றார்.

வாங்கினார். ஆறிப்போயிருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்து, குழந்தைகள் மருந்து குடிப்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். மூடியைத் திருப்பிக் கொடுக்கும்போது சட்டையில் சிந்திய ஒரு சொட்டைத் துடைத்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். இருந்ததையும் ஊற்றினேன்.

அவர் கட்டிலில் படுத்ததும் போர்வையை இழுத்துவிட்டேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன், மூன்றரைக்கு வீடு. அந்த வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள், ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருந்தது. ஃபோனைச் சமையலறையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பதின்மூன்றாவது பலகையில் கரையோரம் மட்டும் பாக்கி. மூன்றே முக்கால் மணி நேரம் நிமிரவே இல்லை. தூரிகைகளைக் கழுவி, கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கீழே வந்தபோது ஏழேகால். ஃபோனில் பன்னிரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்பது மார்லாவிடமிருந்து, மூன்று ஆஸ்பத்திரியிலிருந்து. ஐந்து பத்துக்கு அவள் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போயிருக்கிறாள். மூச்சு இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆறு நாற்பதுக்கு அதுவும் நின்றிருக்கிறது. அவர்கள் எனக்குக் கூப்பிட்டது, என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்பதற்கு. தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம்.

அடக்கம் வியாழக்கிழமை. பாடகர் குழு வந்து பாடியது, அடிக்குரல் இல்லாமல். வெள்ளிக்கிழமை காலையில் முட்டை உடைத்து, பதினான்காவதைத் தொடங்கினேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இருந்தும் அந்த வாரத்தில் நான் அடிக்கடி எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஒரு பலகை சரியாக வரவில்லை. உடைகிற பனி, பார்த்தால் உப்பைக் கொட்டியது போல இருக்கிறது. சரி பண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன். அதற்கு மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. பதினாறு மாசம் கஞ்சியிலும் காப்பியிலும் கலந்தது நான்தான். அவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று அவரை நம்பவைத்தது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு போட்டேன், அது என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். கொலை என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். இந்த வாக்குமூலத்தின் இரண்டாவது பக்கத்தில், அவர் வேண்டாம் என்று சொல்லியும் நான் கட்டாயப்படுத்தியதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். அது பொய். குடி என்று நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன், அவரேதான் வாங்கிக் குடித்தார். நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் நான் வெர்லினை எதற்கும் கட்டாயப்படுத்தியது கிடையாது.